பிரேக் விடாத வண்டி

என் அண்ணன் ஓட்டிய வண்டி அவனுடையது அல்ல. மைன்ஸில் ஓர் அதிகாரிக்காக ஒரு காண்ட்ராக்டர் வாடகைக்கு விட்டிருந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய வண்டி. மழை பெய்தால் சுரங்கத்துக்குள் இறங்கும் பாதை களியும் சேறுமாகிவிடும். சாதாரண கார் இறங்கினால் அங்கேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான். 2017 வாக்கில் அந்த வண்டி வந்தது. அண்ணனை டிரைவராகப் போட்டார்கள்.

அவனும் காண்ட்ராக்ட், நானும் காண்ட்ராக்ட். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை என்று எங்கள் பக்கத்தில் எப்போதும் ஒரு பேச்சு இருக்கும். எங்கள் வீட்டில் கொடுப்பதற்கு நிலம் ஏது? அடுத்தவர் நிலத்தில் களை பறித்தவர்கள் நாங்கள். அதனால் என்றைக்கு வேண்டுமானாலும் "நாளையிலேருந்து வராத" என்று சொல்லிவிடுவார்கள் என்கிற பயம் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு தண்ணி மாதிரி. அண்ணனுக்குக் கொஞ்சம் கூடுதல்.

அந்த வண்டியில் கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் கிடையாது. கியருக்குப் பக்கத்தில் ஒரு பட்டன்தான். தூக்கினால் பின்னால் மோட்டார் முனகும், சிவப்பு விளக்கு எரியும், பிரேக் பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் விட்டுவிடும். வண்டி வந்த புதிதில் தெருப் பிள்ளைகளை ஏற்றி அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்துக் காட்டினான். அவனே வாங்கின மாதிரி ஒரு பெருமை.

சுரங்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கமாட்டார்கள், இறங்கியதும் சக்கரத்துக்கு முட்டாக ஒரு கல் வைப்பார்கள். சரிவில் நிற்கிற வண்டி நழுவினால் கீழே எவ்வளவு ஆழம் என்று தெரிந்தவர்கள். பிரேக்கில் கோளாறு என்றால் கேட்டிலேயே வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் முத்தாண்டிக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு கோலிக்குண்டை வைத்தால்கூட உருளாது. அங்கேயும் அண்ணன் பட்டனைத் தூக்குவான், கல்லை வைப்பான். "ஏண்டா, வண்டி ஓடிப்போய் எவளையாவது கட்டிக்கப் போவுதா?" என்று தெருவில் கேலி செய்வார்கள். சிரித்துக்கொண்டே இன்னொரு கல்லும் வைப்பான்.

ஒரு கார்த்திகையில் அதிகாரி லீவில் ஊருக்குப் போயிருந்தார். மழை விட்டபாடில்லை. வண்டி பிரேக் போட்டபடியே எங்கள் வாசலில் நாள் கணக்கில் நனைந்தது. அவர் திரும்பி வந்த அன்று காலையில் அண்ணன் பட்டனை அழுத்தினான். மோட்டார் முனகியது. விளக்கு மஞ்சளாக மினுக்கியது. பிரேக் விடவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி பின்புறத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு நிற்கிறது, மாடு மக்கர் பண்ணுகிற மாதிரி.

எனக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட். சத்தம் கேட்டு எழுந்து வெளியே போனேன். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"என்னாண்ணா?"

"பிரேக்கு வுட மாட்டேங்குதுடா. நெஞ்சு வேற காலையிலேருந்து ஒரு மாதிரி அடைச்சிகினு இருக்கு. வாயு."

அண்ணி உள்ளே இருந்து ஓம வாட்டர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான். அவன் குடிக்கிற வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தவள், என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, அவரு மூஞ்சியே சரியில்ல. பைக்குல வெச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. வண்டி கெடக்குது கருமம்."

நான் சொன்னேன். அவன் கேட்டால்தானே? "வண்டி போவலன்னா இன்னிக்கே வேற ஆள போட்டுடுவாங்க. அவனவன் லைசென்ச கையில வெச்சிகினு கேட்டுலயே நிக்கிறான். முதல்ல இத எடுத்துடுவோம். அவர எறக்கி வுட்டுட்டு நானே போய்க் காட்டிக்கிறேன்."

பண்ருட்டியில் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டோம். பின் சக்கரங்களில் பிரேக்கை ஒட்டி ஒரு சின்ன மோட்டார் இருக்கும், அதைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் திருகைக் கையால் பின்னுக்குத் திருப்பினால் பிரேக் தளரும் என்றார். மோட்டாரைத் திரும்ப மாட்டாதீர்கள், ஈரத்தில் மறுபடியும் சிக்கும், அப்படியே என்னிடம் ஓட்டி வாருங்கள் என்றும் சொன்னார்.

ஜாக்கி வைத்துப் பின் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். நான் டார்ச் பிடித்தேன், அண்ணன் சேற்றில் சாக்கு விரித்து மல்லாந்து படுத்து ஸ்பேனரைப் போட்டான். நான் செய்கிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறான். திருகு துருவேறி இறுகியிருந்தது. அவன் பல்லைக் கடித்துத் திருப்பினான். மழையில் நனைந்து கிடந்ததால் அவனுக்கு வேர்த்தது எனக்குத் தெரியவில்லை. நடுவில் இடது கையை உதறினான். "என்னாண்ணா?" என்றேன். "ஸ்பேனர் புடிச்சி சுளுக்கிகிச்சி," என்றான். நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய, ஸ்பேனர் அவன் கையில்தானே இருந்தது.

ஒருவழியாகப் பிரேக் விட்டது. அப்போது அவன் செய்த காரியம்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மோட்டாரைத் திரும்ப மாட்டினான். வேண்டாம் என்று மெக்கானிக் சொன்னாரே என்று கத்தினேன். "பிரேக்கு இல்லாம கேட்டுல வுடமாட்டான்டா. அவரு என்னா சொல்லுவாரு?" என்றான். லுங்கியை அவிழ்த்துப் போட்டு பேண்ட்டும் டிரைவர் வெள்ளைச் சட்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அண்ணி தட்டில் வைத்திருந்த இட்லியைத் தொடவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தேன். போன் வந்தது. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர்.

"தம்பி, காலையில வண்டி பிரேக்க நீங்க ரெண்டு பேருந்தானே எடுத்து வுட்டீங்க? இங்க டவுன்ஷிப்புல அய்யா குவார்ட்டர்ஸ் வாசல்ல மறுபடியும் புடிச்சிகிச்சி. ஸ்பேனர எடுத்துகினு சீக்கிரம் வா."

"அண்ணன் எங்க?"

"லேசா மயக்கம். அய்யாவே தன் கார்ல ஆஸ்பத்திரிக்கு கூட்டிகினு போயிருக்காரு. ஒண்ணும் பயமில்ல. நீ வண்டிய பாரு."

அண்ணியிடம் சொல்லிவிட்டு பைக்கை முறுக்கினேன். வழியெல்லாம் முந்திரித் தோப்பிலிருந்து தண்ணீர் ரோட்டில் ஏறி ஓடியது. டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு ஒரு பக்கம், குவார்ட்டர்ஸ் இன்னொரு பக்கம். ஒரு நிமிஷம் பைக்கை நிறுத்தினேன். கூட அதிகாரி இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், நான் போய் என்ன கிழிக்கப் போகிறேன். வண்டி நகரவில்லை என்றால் கண் விழித்ததும் அண்ணன் அதைத்தான் கேட்பான். குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பினேன்.

அகலமான ரோட்டின் ஓரத்தில் வண்டி நின்றது. இறங்குவதற்கு முன் அண்ணன் பட்டனைத் தூக்கியிருக்கிறான். கல்லும் வைத்திருந்தான். சூப்பர்வைசர் குடை பிடித்து நின்றார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் இன்னொரு டிரைவர். அதற்குள் ஆள் வந்துவிட்டது!

"அண்ணன் நாளைக்கே வந்துடுவாருங்க. இன்னிக்கி ஒரு நாளைக்கு மட்டும்தானே இவரு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி," என்றார் சூப்பர்வைசர். அந்த டிரைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கழற்ற வந்து கைகொடுத்தான், நட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டான். நான் போனை பாலிதீன் கவரில் சுற்றி பைக் டேங்க் பையில் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். இரண்டு பக்கமும் திருகைத் திருப்பினேன். இந்தத் தடவை மோட்டார்களை மாட்டவில்லை. அண்ணன் வேலை போகாமல் இருக்க என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றுதான் அப்போது என் மனசில் ஓடியது. கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

வண்டி நகர்ந்தது. அந்த டிரைவர் அதை ஓட்டிக்கொண்டு திரும்பி மறைகிற வரைக்கும் சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கத்தில் வந்து, அவ்வளவு நேரம் தனக்கு மட்டும் பிடித்திருந்த குடையை என் தலைக்கு மேல் பிடித்தார்.

"மனச தேத்திக்க தம்பி. அண்ணன் வழியிலேயே போயிட்டாரு."

"எப்போ?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. உன்கிட்ட சொன்னா உனக்கு கை ஓடாதேன்னுதான்..."

அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். பாவி, நீயெல்லாம் மனுசனா என்று கத்தினேன். என் கையிலிருந்த கிரீஸ் எல்லாம் அவர் நெஞ்சில் அப்பியது. அவர் தடுக்கவில்லை. அவருக்கும் மேலே ஒரு காண்ட்ராக்டர், அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கும். அதையெல்லாம் யோசித்து அவரை மன்னிக்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை. இன்றைக்கும் எங்கேயாவது எதிரில் வந்தால் காறித் துப்பிவிட்டுத்தான் நகர்வேன்.

ஆஸ்பத்திரியில் பெஞ்சில் அண்ணி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு யாருக்கோ போன் செய்ய வெளியே போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. சேறும் கிரீஸுமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு முன்னாடியே கெளம்புனியே தம்பி. இவ்வளவு நேரம் எங்க இருந்த?"