சண்முகக்கனி சொன்ன ஐம்பத்திரண்டு புத்தகங்கள்

சண்முகக்கனி இறந்துபோன செய்தி காலை டீ நேரத்தில் அச்சகத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தது. காலண்டர் சீசன். நான் அடுத்த வருடத்து மார்ச் மாதத்துக்கு புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம், வீட்டிலேயே முடிந்துவிட்டதாம். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கடைசியாக யாருக்கு என்ன புத்தகம் சொல்லிவிட்டுப் போனாரோ என்றுதான் தோன்றியது. அந்த ஆள் நானாக இருக்க முடியாது என்பதும் கூடவே உறைத்தது. செத்துப்போன மனுஷி மேல் பொறாமைப்படுகிறவனை நீங்கள் என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். கனியை அறிந்தவர்கள் எல்லாரும் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவீர்கள். நானும் எழுதப்போகிறேன். ஆனால் என் பொறாமையை ஒளித்துவைத்துக்கொண்டு எனக்கு அவரைப் பற்றி எழுத வராது.

சாவு வீட்டுத் தெருவில் ஆறு கம்பெனி வேன்கள் நின்றன. மாலையோடு வந்தவர்கள் ஓரமாக நின்று புத்தகம் பேசினார்கள். "எனக்கு அந்தக் கடல் பயணம் சொன்னாக", "எனக்குப் பாம்புப் புத்தகம்", "எங்க மதினிக்குக் கவிதை". சாவு வீட்டில் இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. மூன்று நாவல் எழுதியவன் நான். நான் போனால் தெருவில் ஒரு வேனாவது நிற்குமா என்று அங்கேயே யோசித்தேன்.

கனிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பதினோரு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். நான் மாடியில், புரூப் பிரிவு. தமிழ் எம்.ஏ. அவர் கீழே, பைண்டிங் பிரிவு. வெட்டி வரும் தினசரித் தாள்களைத் தேதி மாறாமல் அடுக்கிக் கட்டுவது அவர் வேலை. அதற்கு முன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர். பள்ளிப்படிப்பு பத்தாவதோடு சரி. படிக்கப் பழகியது கம்பெனி வேனில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். துப்பறியும் கதை, நிலப் பத்திரம் பற்றிய சட்டக் கையேடு, குழந்தைகள் கதை, தலையணை தடிமனுக்கு ரஷ்ய நாவல் என்று கையில் சிக்கியதெல்லாம் அந்த வேனில் ஏறி இறங்கியது. நான் இலக்கியம் மட்டும் படிக்கிறவன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

எங்களுக்கு லோடு ஏற்ற ஒரு லாரி டிரைவர் வருவார். வாயைத் திறந்தால் சண்டைதான். ஒருநாள் கேட்டில் அவர் கத்திக்கொண்டிருந்தபோது கனி பக்கத்தில் போய், "அண்ணே, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சு?" என்று கேட்டார். "அது ஆச்சு, பதினஞ்சு நாளு" என்றார் அவர். கனி அவருக்குச் சொன்னது ஒரு சமையல் புத்தகம். இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் ஆலங்குளம் ரோட்டில் லாரியை ஓரங்கட்டி, ஸ்டவ்வில் தானே வைத்த புளிக்குழம்பைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து பைண்டிங் பிரிவுக்குக் கொடுத்தார். எனக்கும் ஒரு கரண்டி வந்தது. நன்றாக இருந்தது. அதனால்தான் இன்னும் கடுப்பு.

முதலாளி அண்ணாச்சிக்கு ஒரு துப்பறியும் நாவல். ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டுப் புதுக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளிவந்த வாரம், ஏஜெண்டுகள் வாசலில் காத்துக் கிடக்க, அவர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு கொலைகாரன் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் தொல்லையில் அழுதுகொண்டே தாள் அடுக்கிய ஒரு பெண்ணுக்குப் பேய்க்கதைத் தொகுப்பு. "இந்தப் பேய்களுக்கு எங்க அத்தை எவ்வளவோ தேவலன்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்று அந்தப் பெண் சிரித்ததை நானே பார்த்தேன்.

இது நல்ல புத்தகமா என்று யாராவது கேட்டால் கனிக்குப் பிடிக்காது. "நல்ல செருப்பான்னா கேட்டு வாங்குதோம்? காலுக்குச் சேருதான்னுதான பாக்கோம்" என்பார். இன்னொன்றும் சொல்வார். "ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் சொல்லுவேன். விட்டுட்டா விட்டதுதான்." இந்தக் கறாரில் மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

எனக்கு அவர் எதுவும் சொன்னதில்லை. ஒருமுறை வெட்கத்தை விட்டு டீக்கடையில் கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லுதீக. எனக்கு ஒண்ணும் கிடையாதா?"

"ஒங்களுக்குச் சொல்லுறதுக்கு இன்னும் கொஞ்சம் யோசிக்கணும் சார். நீங்க படிச்சவுக. சட்டுனு ஒண்ணு சொல்லிற முடியுமா?"

சரி, அதையாவது மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என் நாவலைப் படிச்சீகளா?"

"மூணையும் படிச்சுட்டேன் சார்."

"யாருக்காவது சொன்னீகளா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தார். பிறகு, "அதுக்கு இன்னும் ஆளு ஆப்புடல சார்" என்றார்.

அவர் குத்திப் பேசுகிறவர் இல்லை. இருப்பதைச் சொன்னார், அவ்வளவுதான். பேய்க்கதைக்கு ஆள் இருக்கிறது, பாம்புக்கு ஆள் இருக்கிறது, புளிக்குழம்புக்கு ஆள் இருக்கிறது, எனக்கு மட்டும் இந்த ஊரில் ஆள் இல்லை. அன்று மதியம் மாடியேறியவன் ஒரே தாளை நான்கு முறை படித்தேன், ஒரு பிழையும் கண்ணில் படவில்லை.

அந்த வருடம் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. தினசரிக் காலண்டரில் தாளின் அடியில் பொன்மொழி போடுவோம் இல்லையா, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதை எடுத்துவிட்டு ஒரு புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி போடலாம் என்றார். எழுத்தாளன் நான் இருக்கிறேன், வேலை என்னிடம் வந்தது. ஐம்பத்திரண்டு உயர்ந்த நூல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உயர்ந்த வரிகள் எழுதினேன். காலண்டர் எல்லா ஊருக்கும் போனது. ஒரு சத்தமும் இல்லை. பங்குனிப் பொங்கலுக்கு ஒரு கோயிலில் திருநீறு வாங்கி மடிக்கத் தாள் கேட்டபோது, பக்கத்திலிருந்தவர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது என் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று.

மறு வருடம் அண்ணாச்சி அந்த வேலையைக் கனியிடம் கொடுத்தார். கனி சொல்ல வேண்டும், நான் டைப் செய்ய வேண்டும். வெட்டு மிஞ்சிய துண்டுக் காகிதத்தில் எழுதி, நாலாக மடித்து, மேலே தேதி போட்டு, மாதத்துக்கு ஒரு கட்டாக மாடிக்கு அனுப்புவார். கடல் பயண நூலுக்கு அவர் எழுதியது: "கடலைப் பார்க்காதவர்கள் படிக்கவும். பார்த்தவர்கள் இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து படிக்கவும்." தடித்த ரஷ்ய நாவலுக்கு: "முதல் நூறு பக்கம் கஷ்டம். பல்லைக் கடித்துக்கொண்டு போங்கள். பிறகு நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் அது நிறுத்தாது." கவிதைத் தொகுப்புக்கு: "ஒரு நாளைக்கு ஒன்று. இரண்டாவது கேட்டால் கொடுக்காதீர்கள்." சட்டக் கையேட்டுக்கு: "அண்ணன் தம்பி பேசிக்கொள்ளும்போதே படித்துவிடுங்கள்."

இவற்றை டைப் செய்த கை என்னுடையது. ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை, மாற்றினால் கெட்டுப்போகும் என்று தெரிந்தது. அப்படித் தெரிந்துகொண்டே டைப் செய்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று எழுதுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அக்டோபர், நவம்பர் மாதத் தாள்களுக்கான கட்டுகள் வந்தன. தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு எங்கள் பக்கத்தில் எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனி எல்லாம் பூட்டியிருக்கும். வேன் ஓடாது. ஊரே குளித்துச் சாப்பிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும். வருடத்தில் புத்தகம் படிக்க ஒரு ஞாயிறு உண்டென்றால் அது அதுதான். அந்தத் தேதி போட்ட துண்டை நான் கையில் எடுத்தேன். பிரிக்கவில்லை. பிரித்தால் மனசு மாறிவிடும் என்று பயம். அப்படியே கழிவுக் கூடையில் போட்டேன். அந்த ஞாயிற்றின் அடியில் என் இரண்டாவது நாவலின் பெயரையும் என் பெயரையும் டைப் செய்து, கனி சொல்வதுபோல ஒரு வரியும் எழுதினேன்: "இதைப் படிக்காமல் இருந்துவிடாதீர்கள்." புரூப் பார்ப்பவனும் நானே. பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். கூடையில் இருந்தது மறுநாள் மற்றக் கழிவோடு மூட்டை கட்டிக் காகித ஆலைக்குப் போயிற்று.

தாள் அச்சாகி, வெட்டாகி, அடுக்குவதற்குக் கனியிடம்தானே போக வேண்டும்? அந்தப் புத்தி எனக்கு இல்லை. ஒருநாள் மதியம் அந்தத் தாளோடு மாடியேறி வந்தார்.

"சார், இது நான் பேசுத மாதிரி இல்லையே."

"துண்டு எங்கயோ தவறிப்போச்சு கனி. அவசரத்துல நானே ஒண்ணு போட்டுட்டேன்."

அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை. ரயிலைத் தவறவிட்டு வந்து நிற்கிறவரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"அந்த ஞாயித்துக்கெழமைக்கு ஒங்களுக்கு இதுதான் வேணும்னா இருந்துட்டுப் போகட்டும் சார்" என்றார்.

அண்ணாச்சியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாளை மட்டும் திரும்ப அடித்திருப்பார்கள். சொல்லவில்லை. கீழே போய் என் பெயர் போட்ட தாளை அதன் இடத்தில் அடுக்கினார். அது என்ன புத்தகம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் செய்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அந்த வருடத்துக் காலண்டர் செய்த கூத்தை நீங்கள் அறிவீர்கள். புத்தகம் கிடைக்கும்வரை ஞாயிற்றுத் தாளைக் கிழிக்க மாட்டோம் என்று பல வீடுகளில் தேதி நின்றுவிட்டது. திருத்தங்கலில் ஒருவர் புதன்கிழமைக் கல்யாணத்துக்கு வியாழக்கிழமை மொய்க் கவரோடு போய் நின்றார். நூலகத்தில், "காலண்டர் அக்கா சொன்ன புத்தகம்" என்றால் தனி அலமாரியைக் காட்டினார்கள். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு வந்தது. திங்கட்கிழமை எல்லா வீட்டிலும் தாள் ஒழுங்காகக் கிழிந்தது. சாத்தூரிலிருந்து போனில் ஒருவர், "இந்த வாரம் அக்காவுக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்று விசாரித்தார். பேசியது நான்தான். நல்லா இருக்காக என்றேன்.

இது நடந்து நான்கு வருடம். நாங்கள் தினமும் டீ குடித்தோம். அவர் அந்தப் பேச்சை ஒருநாளும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பாக்கி எல்லாருக்கும் அவர் புத்தகம் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, வயிறு எரிய, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடியேறிப் போனேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோது கனியின் மகள் செல்வி ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா சொன்ன புத்தகங்களின் பட்டியல் வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்களாம்.

"இதுல ஒரு புத்தகத்தோட பேருகூட இல்ல மாமா. ஆளுக பேருதான் இருக்கு. கேட்டா, புத்தகம் எனக்கு மறக்காது, ஆளுகதான் மறந்துறக் கூடாதும்பாக."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அந்தக் காலண்டர் வருடத்துக்கு ஐம்பத்திரண்டு தேதிகள், ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரு ஆள். நாங்கள் ஊருக்குப் பொதுவாகச் சொன்னதாக நினைத்த ஒவ்வொரு ஞாயிற்றையும் அவர் ஒரே ஒருவரை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். கவிதை வந்த ஞாயிற்றில் அடுத்த தெருத் தையல்காரர். சட்டக் கையேட்டுக்கு அவருடைய தம்பி. ரஷ்ய நாவலுக்கு, வேலைக்குப் போக முடியாமல் படுத்திருந்த பைண்டிங் பிரிவுத் தாயம்மாள். விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தேன். தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கு எதிரே "புரூப் சார்" என்று இருந்தது.

செல்வியும் எட்டிப் பார்த்தாள். "ஒங்களுக்கு என்ன புத்தகம் மாமா சொன்னாக?"

சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு நாவல் என்றேன். நல்ல நாவலா என்று யாரோ கேட்டார்கள். எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

ஏழு வருடம் யோசித்து, வருடத்திலேயே நல்ல ஞாயிற்றை எனக்கென்று ஒதுக்கி, அவர் அனுப்பியிருக்கிறார். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப்போட்டுவிட்டு அங்கே என் பெயரையே எழுதிக்கொண்டேன். என்னை அவர் என்னவாகப் பார்த்தார், என் காலுக்கு எது சேரும் என்று நினைத்தார் என்பது அந்தத் துண்டில் இருந்தது. நாவலா, பேய்க்கதையா, பாம்பா, குழந்தைகள் புத்தகமா, தெரியாது. கனியிடமிருந்து எனக்கு மிஞ்சியது நோட்டில் அவர் கையெழுத்தில் இருக்கும் அந்த இரண்டு சொற்கள் மட்டும். அந்த ஒரு பக்கத்தைச் செல்வி எனக்குக் கிழித்துத் தர மாட்டேன் என்றுவிட்டாள். நியாயம்தான், செல்போனில் படம் எடுத்து வந்திருக்கிறேன்.

கனியை அறிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேனில் வரும்போதோ தாள் அடுக்கும்போதோ, புரூப் சாருக்கு இன்ன புத்தகம் வைத்திருக்கிறேன் என்று உங்களில் யாரிடமாவது வாய்தவறிச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். என்னிடம் சொல்லாததை உங்களிடம் சொன்னார் என்ற பொறாமை எனக்குச் சாகும்வரை தீராது. இருந்தாலும் சொல்லுங்கள்.