சவரிமுத்து அண்ணையின் புகைப்பெட்டி வெடிக்கவில்லை

சவரிமுத்து அண்ணை இறந்த செய்தி, ஞாயிறு பூசை முடிந்து நான் காரில் ஏறும்போது கைபேசியில் வந்தது. எங்கள் விபோர்க் நகரத் தமிழர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருந்தார்: "எங்கடை சவரிமுத்து போயிட்டார். தானே செய்த புகைப்பெட்டி சட்டைப்பைக்குள்ளை வெடிச்சிட்டுதாம்." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை. ஆகவே அவரைத் தெரிந்தவர்களே, இந்த அஞ்சலியில் மென்மையான வார்த்தைகளை எதிர்பார்க்காதீர்கள்.

சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்க அவர் செய்து வைத்திருந்த அந்தப் பெட்டி வெடிக்கவில்லை. அவர் வீட்டு முன்வேலியை வெட்டிக்கொண்டு நின்றபோது விழுந்தார். அம்புலன்ஸில் வந்தவர்கள் சட்டையைக் கத்தரித்தபோது, பையிலிருந்த பெட்டி புல்லில் விழுந்தது. அதை யாரோ ஒருவர் தெருவில் நின்று பார்த்தார். பார்த்தது அவ்வளவுதான், மிச்சம் முழுவதும் வாய்க்கு வாய் சமைத்தது. இதயக் குழாய் அடைப்பு என்று வைத்தியசாலை எழுதிக் கொடுத்த கடிதம் வீட்டில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி வாசிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

நானும் அவரும் பதினான்கு வருடம் ஒரே தொழிற்சாலையில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை செய்தோம். தண்ணீர்ப் பம்புகளுக்கான மின்பலகைகள் செய்கிற இடம். நான் சோல்டர் பண்ணுவேன், அவர் சோதிப்பார். என் வேலையைத் திருப்பி அனுப்ப அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. ஒருமுறை கோபத்தில், "மீற்றரிலை சரியாத்தானே காட்டுது, பிறகென்ன?" என்று கேட்டேன். "சும்மா இருக்கேக்கை எல்லாம் சரியாத்தான் காட்டும், தங்கச்சி. வேலை குடுத்துப் பார்" என்றார். வேலை கொடுத்தோம், பலகை செத்துப்போனது. அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.

புகைப்பெட்டியின் கதையையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணை முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர். அவர் அதை விடவேண்டும் என்று மனைவி மெற்றில்டா அக்கா மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். நேர்த்தி வைத்தது அக்கா, நிறைவேற்றவேண்டியது அண்ணை. எங்கள் வீடுகளில் அது அப்படித்தான். அண்ணை சிகரெட்டை விட்டார். விட்ட கையோடு, "நேர்த்தி சிகரெட்டுக்குத்தானே, ஆவிக்கில்லையே?" என்று கேட்டார். அக்கா யோசித்துவிட்டு, "ஓம், அது பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். அந்த ஓம்தான் பிறகு அக்காவைத் தின்றது.

கடையில் விற்கிற ஆவிப் பெட்டியை வாங்க அண்ணைக்கு மனமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சாமானை வாயில் வைக்கமாட்டாராம். தானே ஒன்றைச் செய்தார்: கழித்துப்போட்ட துளைபோடும் மெஷினிலிருந்து இரண்டு பற்றறி, வோல்றை இறக்கிக் கொடுக்க ஒரு ரெகுலேற்றர், திரவத்தைச் சூடாக்க ஒரு சுருள் கம்பி, எல்லாவற்றுக்கும் ஒரு அலுமினியப் பெட்டி. முதல் கிழமையே சில்லெடுத்தது. சில நேரம் ஒழுங்காக ஆவி வரும், திடீரென்று சுருள் சிவந்து தொண்டை கருகும். ரெகுலேற்றர்தான் பழுது என்று இரண்டு முறை மாற்றினோம். மாற்றியதும் மீற்றர் நான்கு வோல்ற் காட்டும், அண்ணை பையில் போட்டுக்கொண்டு போவார், மறுநாள் கருகிய தொண்டையோடு வருவார்.

மூன்றாவது சனிக்கிழமை, அவருடைய கராஜில், சுருளை எரியவிட்டுக்கொண்டே ஐஸ்கிரீம் குச்சியால் பலகையின் ஒவ்வொரு பாகத்தையும் தட்டினார். வோல்றைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகைத் தட்டியதும் மீற்றர் எட்டுக்குப் பாய்ந்தது. ரெகுலேற்றர் தான் வெளியே விடுவதை அந்தத் திருகின் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே தொடுப்பு விட்டுப்போனால், ஒன்றுமே போகவில்லை என்று நினைத்து முழுப் பற்றறியையும் திறந்துவிடும். புதுத் திருகு போட்டால் போதும் என்றேன் நான். அவர் சம்மதிக்கவில்லை. "திருகு திரும்பவும் பழுதாகும். பழுதானா எந்தப் பக்கம் விழவேணுமெண்டதை நாங்கள்தான் முடிவெடுக்கவேணும்" என்றார். அந்த இடத்தில் நிரந்தரமான ஒரு மின்தடையைப் போட்டு, திருகை மறுபக்கத்துக்கு மாற்றினார். இனித் தொடுப்பு விட்டால் வோல்ற் ஏறாது, ஒன்றுக்கு இறங்கிவிடும். அதை ஏழெட்டுத் தரம் வேண்டுமென்றே அறுத்துப் பார்த்த பிறகுதான் மூடியைப் பூட்டினார். இப்படிப்பட்ட மனிதரைத்தான் கைப்பழக்கமில்லாமல் குண்டு செய்தவர் என்று கதைத்தீர்கள்.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கேக் தட்டோடு நின்ற ஒருவர் மெற்றில்டா அக்காவின் காதில் விழும்படியே சொன்னார்: "உந்தப் பெட்டியைப் பாவிக்க விடாமல் இருந்திருந்தா மனுசன் இருந்திருக்கும்." அப்படிச் சொன்னவர் வீட்டு ரைஸ் குக்கரை இரண்டு முறை சும்மா திருத்திக் கொடுத்தவர் அண்ணை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏன் அந்த இடத்திலேயே வாய்விட்டுக் கேட்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு கிழமை கழித்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "நேர்த்தியை வைச்சது நான். ஓமெண்டதும் நான். நான்தான் அவரைக் கொண்டனான்" என்றார். உடனே புறப்பட்டுப் போனேன்.

அண்ணையின் சாமான்களைப் போட்டு வைத்தியசாலை தந்த பிளாஸ்டிக் பையைச் சமையலறை மேசையில் வைத்துத் திறந்தோம். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. சுருளைக் கழற்றிவிட்டு, கராஜில் கிடந்த பழைய சைக்கிள் லைற்றின் குமிழைப் பூட்டினேன். நிதானமாக எரிந்தது. மீற்றர் நான்கு காட்டியது. பிறகு திருகின் கம்பிக்காலை அறுத்தேன். குமிழ் அணைந்துபோனது.

"பாத்தீங்களே அக்கா? பழுதானாலும் அணையும். வெடிக்காது. இது அவரைக் கொல்லேல்லை. நீங்களும் கொல்லேல்லை."

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப நெஞ்சிலை வருத்தமெண்டு ஆருக்கும் தெரியாதே?"

தெரியும். எனக்குத் தெரியும். அவர் இறப்பதற்கு மூன்று கிழமைக்கு முன், இடைவேளைக்கு மேல்மாடிக்கு ஏறும்போது, பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வேர்த்திருந்தது. "நெஞ்சைப் பிடிக்குது. மெற்றில்டாட்டைச் சொல்லிப்போடாதை. வாற மாதம் மன்னாருக்குப் போக ரிக்கற் போட்டிருக்கிறா, கேட்டா போகமாட்டா" என்றார். டொக்டருக்குப் போன் எடுங்கோ என்றேன். திங்கட்கிழமை எடுக்கிறேன் என்றார். மூன்று திங்கட்கிழமை போனது. அவர் எடுக்கவில்லை, நான் கேட்கவில்லை. ஒரு பம்புப் பலகைக்குப் பார்த்த சோதனையை அந்த மனுசன் தன் நெஞ்சுக்குப் பார்க்கவில்லை. அதற்காக அவரோடு சண்டை பிடிக்க இனி ஆளும் இல்லை.

அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. குமிழைத் தன் கையாலேயே கழற்றினார். பெட்டியின் மூடியைப் போட்டு, பைக்குள் வைத்து, என் பக்கம் தள்ளினார்.

"கொண்டு போ. மூடி வைக்க உனக்குத்தான் தெரியும்."

அண்ணையின் நினைவாக என்னிடம் இருப்பவை அந்தப் பெட்டியும் அக்காவின் அந்த வார்த்தையும்தான். மண்டபத்தில் என் வாயைக் கட்டியது, அவருக்கு நெஞ்சு வலித்தது எனக்குத் தெரிந்திருந்ததுதான். பெட்டி வெடித்தது என்று நீங்கள் கதைக்கும்வரை என்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இனி அப்படிக் கதைக்கவேண்டாம். அவரைப் பற்றிக் கதைக்கத்தான் வேண்டுமென்றால் இதைக் கதையுங்கள்: சவரிமுத்துவுக்கு நெஞ்சு வலித்தது, அது ஒருத்திக்குத் தெரிந்திருந்தது, அவள் சொல்லவில்லை.