குழாய் சொட்டிய பதினொரு நிமிடம்

மைக்கின் வாயைச் செயலாளரக்கா உள்ளங்கையால் பொத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. 'டப்' என்று ஒரு ஒலி, அவ்வளவுதான். ஆனால் அவர் பொத்துவதற்குள் நான் சொல்லி முடித்திருந்தேன்: "யாரும் எந்திரிச்சுப் போகாதீக. கடைசில போலீஸ் அவனைப் பிடிச்சுரும்." திரையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் படத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது. அப்படி ஒரு முடிவும் கிடையாது. முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு.

செயலாளரக்கா என்று நான் சொல்வது மதுரையில் எங்கள் திரைப்படச் சங்கத்தை நடத்தியவரை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "மாசம் ஒரு படம் போடவே எனக்கு நேரம் பத்தல, போங்க" என்பார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வியாபாரிகள் சங்கத்தின் மாடி மண்டபத்தில் படம் போடுவோம். வருகிறவர்களில் பாதிப் பேர் ஜவுளிக்கடை, லேத் பட்டறை, ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள். வெளிநாட்டுப் படமென்றால் அடியில் ஆங்கில எழுத்துதான் ஓடும். அதனால் செயலாளரக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார்: ஒருத்தி திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடுகிற எழுத்தை உடனுக்குடன் தமிழில் மைக்கில் சொல்ல வேண்டும். அந்த ஒருத்தி நான். நன்றாகவே சொல்வேன், அதில் என்ன தன்னடக்கம் வேண்டிக்கிடக்கிறது? சண்டைக் காட்சிக்குச் சண்டைக் குரல், அழுகைக்கு அழுகைக் குரல். படம் முடிந்ததும் எனக்குத் தனியாகக் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கியது.

அந்த மாதம் அறிவிப்புப் பலகையில் 'தொடர்கொலைகாரனைப் பற்றிய பிரெஞ்சுப் படம்' என்று எழுதியிருந்தோம். கூட்டம் ஜன்னல் கட்டை வரைக்கும் நிரம்பிவிட்டது. படமோ அரை மணி நேரமாகியும் ஒரு சொட்டு ரத்தத்தைக் காட்டவில்லை. ஒருவன் ரொட்டி வாங்குகிறான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், பக்கத்து வீட்டுக் கிழவிக்கு வணக்கம் சொல்கிறான். நடுநடுவே அவன் கொன்ற பெண்களின் வீடுகளை மட்டும் காட்டுகிறார்கள். ஆள் இல்லை, பிணம் இல்லை, பாட்டு இல்லை. பாதி இஸ்திரி போட்ட சட்டை, சீப்பில் சிக்கிய முடி. அப்புறம் ஒரு சமையலறை. அதில் பதினொரு நிமிடம் கேமரா அசையவே இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு விசில் வந்தது. "ஏய் ஆப்பரேட்டரு, படம் நின்னுபோச்சுய்யா!" என்று ஒருவர் கத்தினார். "நிக்கலண்ணே, தண்ணி சொட்டுது பாருங்க" என்று இன்னொரு குரல். உடனே பின்வரிசையிலிருந்து ஆட்டோக்காரர் ஒருவர், "அப்ப அந்தக் குழாயையாவது யாராச்சும் அடைங்கப்பா. எங்க தெருவுல தண்ணி வந்து நாலு நாளாச்சு!" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டதும் மைக்கை வாய்ப்பக்கம் இழுத்தேன். கீழே எழுத்து ஏதும் ஓடவில்லை, நான் சொல்ல ஒன்றும் இல்லை. சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "இது அந்தப் பொண்ணோட சமையல்கட்டு" என்றேன், அவர்களுக்குக் கண்ணில்லாததுபோல. "பாவம், இவளுக்கு என்ன நடக்கப் போகுதோ" என்றேன், செத்துப்போனவளைப் பற்றி. அதற்கும் ஆட்கள் எழுந்தார்கள். அப்போதுதான் அந்தப் போலீஸ் வாக்குறுதி.

எழுந்தவர்கள் அதை நம்பி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசிக் காட்சியில் கொலைகாரன் பஸ்ஸில் ஏறுகிறான், பஸ் போகிறது, நிறுத்தம் காலியாகக் கிடக்கிறது. படம் முடிந்தது. "போலீஸ் எங்கம்மா?" என்று ஒரு குரல் கிளம்பியது. "எங்களப் பாத்தா கேணப்பயலுகளாத் தெரியுதா?" என்றது இன்னொன்று. நாற்காலி ஒன்று உருண்டது. கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குகிற படம் என்று முன்வரிசையில் பேச்சு எழுந்தது. அங்கே வியாபாரிகள் சங்கத் தலைவரும் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதரில்லை, பல வருடமாக மண்டபத்தைச் சும்மா கொடுத்தவர். "கொலைகாரன் தப்பிச்சுப் போற மாதிரி படம் போட்டா ஊரு என்னம்மா பேசும்? தப்பான படம் போட்டுட்டோம், இனிமே உங்களுக்குக் காட்டிட்டுத்தான் போடுவோம்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. மண்டபம் எப்பவும்போல உங்களுக்குத்தான்" என்றார். கூட்டம் கொதித்தது என் பொய்யால். 'இவள்தான் இல்லாததைச் சொன்னாள்' என்று செயலாளரக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி என்னோடு போயிருக்கும். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "படத்துல தப்பு இல்லண்ணே. நான் எழுத மாட்டேன்" என்று மண்டபச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். ஊருக்கே கதை சொன்ன என் வாய் அன்றைக்குக் கொழுக்கட்டையை அடைத்ததுபோல் கிடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

படி இறங்கியபோது கீழே ஜவுளிக்கடை வாசலில் நின்ற விற்பனைப் பெண் ஒருத்தி என்னைக் கையைக் காட்டி நிறுத்தினாள். "மைக்கில படம் சொன்னது நீங்கதான?" என்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகப் பேசினாள். "எந் தங்கச்சிய அவ புருசன் வெட்டிட்டான். மறுநா நான்தான் வீட்டத் தொறந்தேன். ஆட்டி வச்ச மாவு பொங்கி வழிஞ்சு தரையெல்லாம் கெடந்துச்சு. எங்கிட்ட எல்லாரும் எம்புட்டு வெட்டு, எங்கெங்க வெட்டுன்னுதான் கேட்டாக. வீடு எப்பிடிக் கெடந்துச்சுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அந்தப் படந்தான் காமிச்சுச்சு. நீங்க எதுக்கு நடுவுல பேசிக்கிட்டே இருந்தீக?"

அன்று சாயங்காலமே செயலாளரக்கா வீட்டுக்குப் போய், "அந்தப் படத்தைத் திரும்பப் போடணும். நான் பொய் சொன்னேன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும்" என்றேன். "மண்டபம் போச்சேடி, எங்கன போடுவ? உந்தலையிலயா?" என்றார். இடம் கொடுத்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள், குழாயை அடைக்கச் சொன்ன அதே ஆட்டோக்காரர். அவனியாபுரத்தில் அவர் மச்சினனுக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கும். "அப்பிடி அந்தக் குழாய்ல என்னதான் இருக்குன்னு பாத்துப்புடுவோம்" என்றார்.

மண்டபம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாங்களும் போய்க் கேட்கவில்லை. செயலாளரக்கா ஓய்வு பெற்றுவிட்டார், நான் இன்னும் மைக் பிடிக்கிறேன். இன்றைக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவர் போனில் கொலைத் தொடர் பார்க்கிறார். ஒரு பெண்ணைத் துண்டு துண்டாக நறுக்குகிறார்கள், மனுஷன் வேர்க்கடலை தின்றுகொண்டே பார்க்கிறார். அதற்கெல்லாம் யாரும் கடுதாசி கேட்பதில்லை. எத்தனை பேரை வெட்டினாலும் கடைசியில் போலீஸ் வந்துவிட்டால் ஊருக்கு மனசு ஆறிவிடுகிறது. எனக்கு ஆறுவதில்லை, ஆறவும் வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கியதும் நல்ல இருட்டு. நாற்பது பேர் இருக்கும், டயர்மேலும் பலகைமேலும் உட்கார்ந்திருந்தார்கள். ஜவுளிக்கடைப் பெண் முன்னால் இருந்தாள். தலைவரும் வந்திருந்தார், வேவு பார்க்க வந்தாரோ என்னவோ, இருந்த ஒரே நாற்காலியை அவருக்குக் கொடுத்தோம். நான் எழுந்து நின்றேன். "போன தடவை படத்துல இல்லாததை நான் சொன்னேன். போலீஸ் அவனைப் பிடிக்காது. நீங்க எந்திரிச்சுப் போயிருவீகளோன்னு பயந்து பொய் சொன்னேன். அதுக்கு என்னை மன்னிச்சுருங்க. படத்துக்காக மன்னிப்புக் கேக்க மாட்டேன். போறவுக போகலாம், ஷட்டரைத் தூக்கி விடுறோம்" என்றேன்.

சமையலறைக் காட்சி வந்தது. மைக்கை அணைத்துத் தரையில் வைத்தேன். ஐந்தாறு பேர் போனார்கள். ஒவ்வொரு தடவையும் ஷட்டர் தூக்கியதில் வெயில் புகுந்து திரை வெளுத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து ஒரு பெண் குரல், "அடுப்புல பாலு வச்சுருக்கா பாருங்க" என்றது. முதல் தடவை நான் அதைக் கவனிக்கவேயில்லை. "ரெண்டு டம்ளர் எடுத்து வச்சுருக்கா. யாரோ வாரதா இருந்துருக்காக" என்றது இன்னொரு குரல். ஆட்டோக்காரர், "செருப்பு வாசப்பக்கம் கெடக்கு, எங்கயோ கெளம்பிருக்கா போல" என்றார். யாரும் விசிலடிக்கவில்லை. ஜவுளிக்கடைப் பெண் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை அழ விட்டார்கள்.

படம் முடிந்து ஷட்டரைத் தூக்கினோம். தலைவர் நெற்றியைத் துடைத்தபடி செயலாளரக்காவிடம் வந்தார். "எல்லாஞ் சரிதாம்மா. இம்புட்டும் செஞ்சவன் சாவகாசமா பஸ் ஏறிப் போறானே, அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல" என்றார்.

செயலாளரக்கா வாயைத் திறப்பதற்குள் ஜவுளிக்கடைப் பெண் முந்திக்கொண்டாள். "என்னாலயும் முடியலண்ணே. எந் தங்கச்சி புருசன் ஜாமீன்ல வந்துட்டான். நம்ம கடைத்தெரு டீக்கடையிலதான் தெனமும் நிக்கிறான். நேத்துக்கூட உங்க பக்கத்துலதான் நின்னு குடிச்சான். நீங்கதான அவனுக்குத் தீப்பெட்டி எடுத்துக் குடுத்தீக?"