ருக்மணி அழித்த இரண்டாவது வரி

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் ருக்மணிக்குப் பதினோரு வருட சர்வீஸ். சிங்காரப்பேட்டையிலிருந்து பேக்கிங் வேலைக்கு வந்தவள், தட்டித் தட்டிப் பார்த்தே யூனிக்ஸ் கட்டளைகளைக் கற்றுக்கொண்டு கம்ப்யூட்டர் நாற்காலியைப் பிடித்துவிட்டாள். பிடித்ததை லேசில் விடுகிற ஆள் இல்லை அவள்.

லாரிக்கு லேபிள் அடிக்கும் அந்த மெஷினில், உள்ளே நுழைந்ததும் தானாகவே படிக்கப்படும் ஃபைல் ஒன்று உண்டு. ப்ரொஃபைல் என்பார்கள். திரை எந்த வகை, நேரம் எந்த நாட்டுடையது, கட்டளைகளுக்கு என்ன சுருக்கப்பெயர் என்றெல்லாம் அதில்தான் இருக்கும். அதன் கடைசியில் ருக்மணி தன் கைவரிசையையும் காட்டியிருந்தாள். ராகு காலத்தில் யார் கேட்டாலும் லேபிள் வராது. எத்தனை மணிக்கு மேல் வர வேண்டும் என்று மட்டும் திரை சொல்லும். மேனேஜர் ராஜப்பனிடம், அந்நேரம் ப்ரிண்டர் சூடாகிவிடுகிறது என்று சொல்லி வைத்திருந்தாள். ப்ரிண்டர் ஏன் கிழமைக்கு ஒரு நேரம் சூடாகிறது என்று அவர் கேட்டதே இல்லை.

போன வாரம் புது சர்வர் வந்தது. கூடவே அதைப் பூட்ட பெங்களூர் ஆபீசிலிருந்து கம்ப்யூட்டர் ஆள் ஹரீஷ்குமார் வந்தான். வெள்ளிக்கிழமை முழுக்கச் சிக்கலில்லாமல் ஓடினால் ருக்மணிக்கு நாற்காலி. இல்லையென்றால் லேபிள் வேலை பெங்களூருக்கு, ருக்மணி மறுபடி பேக்கிங்குக்கு. மரியாதையாகத்தான் சொன்னான். அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் திரை முழுக்க எழுத்தின் மேல் எழுத்து. அம்புக்குறியைத் தட்டினால் கிறுக்கல். ஹரீஷ்குமார் கையைப் பிசைந்தான். ருக்மணி ப்ரொஃபைலைத் திறந்தாள். பழையதை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். முதல் வரியில், எப்போதோ எடைக்குப் போட்ட பச்சைத் திரையின் பெயர். மெஷின் இன்னமும் அந்தத் திரைக்கென்றே எழுதிக்கொண்டிருந்தது. வரியை அழித்துவிட்டு மறுபடி நுழைந்தாள். திரை பளிச்சென்று நின்றது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜோரில் அடுத்த வரியையும் பார்த்தாள். இந்திய நேரத்துக்கு மைனஸ் ஐந்தரை என்றிருந்தது. நம் நேரம் லண்டனுக்கு முன்னால்தானே, எந்தப் புத்திசாலி மைனஸ் போட்டான் என்று சொல்லிக்கொண்டே அதையும் அழித்தாள். அந்த வகையில் எழுதும்போது மைனஸ்தான் சரி என்பது அவளுக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு, அசல் ராகு காலத்தில், பேக்கிங் மாதேஸ்வரி லேபிள் கேட்டாள். மெஷின் மறுபேச்சில்லாமல் கொடுத்தது, லாரி போய்விட்டது. கேன்டீனில் இருந்த ருக்மணிக்கு இது தெரியாது.

மாலை நாலே கால். அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டிய கடைசி லாரி நின்றது. ருக்மணி லேபிள் கேட்டாள். ராகு காலம், பன்னிரண்டு மணிக்கு மேல் வரவும் என்றது திரை. ராஜப்பனும் ஹரீஷ்குமாரும் பின்னால் நின்று படித்தார்கள்.

பன்னிரண்டு என்ற எண் ருக்மணியைப் பிடித்து நிறுத்தியது. மெஷினிடம் மணி கேட்டாள். பத்தே முக்கால் என்றது. ஐந்தரை மணி நேரம் பின்னால், லண்டன் கணக்கில். அழித்த வரியை, மைனஸோடு, திரும்ப எழுதி மறுபடி உள்ளே நுழைந்தாள். லேபிள் வந்தது. லாரி கிளம்பியது.

"காலையில நாந்தான் சார் அழிச்சேன். ராகு காலமும் நான் எழுதுனதுதான், ப்ரிண்டர் சூடெல்லாம் பொய்யிங்க," என்றாள்.

ராஜப்பன் யோசித்தார். "அப்ப காலையில பதினோரு மணிக்குப் போன வண்டி?"

"பத்திரமா போய்ச் சேந்துடுச்சு சார்," என்றான் ஹரீஷ்குமார்.

அதுதான் அவளை ரொம்பச் சங்கடப்படுத்தியது.

திங்கட்கிழமை ஹரீஷ்குமாரின் ரிப்போர்ட் வந்தது. ப்ரொஃபைலில் எதைத் தொட்டாலும் ருக்மணி மேடத்தைக் கேட்டுத் தொடவும் என்று முதல் வரி. நாற்காலி பிழைத்தது. ராகு காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று ஏழரைக்கே ஆபீசுக்கு வந்துவிட்டவன், ரிப்போர்ட் எழுதத் தொடங்கிய நேரம் என்று அதில் போட்டிருந்தது மட்டும் ஒன்பது மணி ஒரு நிமிடம்.