ஏறி வராத வேட்பாளர்

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில், கட்சித் தொண்டர் ஒருவர் அரிசிப் பையை இறக்கினார். புது அரிசியின் மணம் வந்ததுமே எனக்குச் சந்தேகமும் வந்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, கம்போங் மேடானில் எங்கள் பலகை வீட்டுக்கும் ஒரு வேட்பாளர் அரிசியோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார். மழைக்குச் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வருவதை அம்மா சொல்லத் தொடங்கினார். வேட்பாளரோ கூட வந்த படமெடுப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று எங்களுக்கு வெறும் மரவள்ளிக்கிழங்குதான். ஆனாலும் அம்மா அந்த அரிசியைத் தூக்கிப்போய் அவர் காரிலேயே வைத்தார்.

"நான் பேசறத கேக்காதவங்க அரிசி எனக்கு வேணாம்லா, பாஸ்."

இப்போது நான் வாசலில் நின்ற தொண்டரிடம் கேட்டேன். "உங்க வேட்பாளர் எங்க தம்பி?"

"கீழ கார்ல இருக்காரு ஆன்டி. லிஃப்ட் ரோசாக்லா, ஓடல. அஞ்சு மாடி ஏறணும்."

"நாங்க தினமும் ஏறுறோம். அவரையும் ஏறி வரச் சொல்லுங்க. பேசிட்டு அப்புறம் அரிசிய வாங்கிக்கிறேன்."

தொண்டர் பையோடு இறங்கினார். சற்று நேரத்தில் கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.