ராக்னா கூட்டிப் படித்த மூன்று பக்கம்

ராக்னா முப்பத்தொரு வருஷம் மீன் ஆலையில் காட் மீன் அறுத்தவள். கல்யாணம் கட்டவில்லை. ஞாயிறு தவறாமல் ஜெபவீட்டுக்குப் போவாள், யாரையும் புறம் பேச மாட்டாள். தம்பி ஓட்வாருக்குக் கண் மங்கி, வெளிச்சம் மட்டுமே தெரியும் என்றானபோது அவனைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். செய்தித்தாள், வேதம், வருகிற கடுதாசி எல்லாவற்றையும் அவள்தான் அவனுக்குப் படித்துச் சொன்னாள்.

ஈஸ்டர் வந்தால் நார்வேக்காரருக்குக் கொலைக்கதை வேண்டும். ஊரே மலைக்குடிலுக்குப் போய் ஆரஞ்சு உரித்துக்கொண்டு கொலைகாரனைத் தேடும். இவர்கள் அடுப்படி மேஜையிலேயே தேடினார்கள். இன்ஸ்பெக்டர் யெர்வெல் கதைகள் ஒன்பதையும் ஒன்பது ஈஸ்டரில் முடித்திருந்தார்கள். யெர்வெல் ஏன் ஒருத்தரையும் நம்புவதில்லை என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. ஓட்வாருக்கு அதுதான் பிடிக்கும்.

இந்த வருஷம் பத்தாவது வந்தது. யெர்வெலின் வாலிப காலத்துக் கதை. ஓட்வார் குளிர்காலம் முழுக்க நாள் எண்ணினான்.

பெரிய வியாழனன்று ஆரம்பித்தார்கள். நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. யெர்வெல் பக்கத்துக்குப் பக்கம் அழுதான். யாரோ ஒரு பெண் ஏமாற்றிவிட்டாளாம், அவன் ஒருத்தரையும் நம்பாததற்கு அவ்வளவுதான் காரணம்.

"இதுக்காக்கா ஒம்பது புஸ்தகம் காத்துக்கிட்டுக் கெடந்தோம்?" என்று ஓட்வார் உரித்த ஆரஞ்சைத் தின்னாமலே வைத்துவிட்டான்.

அவன் முகம் வாடியது ராக்னாவுக்குத் தாங்கவில்லை. மறுநாள் ஜெபவீட்டிலிருந்து வந்து புத்தகத்தைத் திறந்தவள், அச்சில் உள்ளதை விட்டுவிட்டு மனசில் வந்ததைப் படித்தாள். யெர்வெல் துறைமுகத்துக்குப் போகிறான். அங்கே ஒருத்தி மீனைச் செவுளுக்குக் கீழே கீறி, ரத்தம் வடியவிட்டு, அப்புறம் வயிற்றைத் திறக்கிறாள். அவள் கத்தி பிடிக்கிற விதத்திலேயே அவனுக்கு விஷயம் புரிகிறது. ஓட்வார் நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்படியே மூன்று பக்கம் போயிற்று. பிறகு அவன் கையை நீட்டி நிறுத்தினான்.

"அக்கா, இந்த எழுத்தாளன் ஒம்பது புஸ்தகத்துலயும் மீனை வாலுலேர்ந்து அறுத்தவன். இப்ப யாருகிட்ட தொழில் கத்துக்கிட்டான்?"

ராக்னா புத்தகத்தை மூடி வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக் கடுதாசியையும் இப்படித்தான் படிச்சியா?"

போன வாரம்தான் அது வந்திருந்தது. மே மாதம் வந்தால் வலது கண்ணில் அறுவை செய்யலாம், பார்வை திரும்ப வாய்ப்புண்டு என்று எழுதியிருந்தார்கள். அதை அவள் எழுத்துக்கு எழுத்து உள்ளபடியே படித்தாள். பயந்தவனைத் தேற்றிச் சம்மதிக்கவும் வைத்தாள். இப்போது அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். அவள் ஆசைக்குக் கட்டிச்சொன்னதை நம்பிக் கண்ணைக் கத்திக்குக் கொடுக்க முடியாதாம். பக்கத்து வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லட்டுமா என்றாள். அவர்களும் உன் ஜெபவீட்டு ஆட்கள்தானே, நீ கண்ணைக் காட்டினால் போதாதா என்றான்.

ராக்னா உள்ளே போய் முழங்காலில் நின்றாள். செய்தது அன்பாலே என்று கர்த்தரிடம் சாக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்து புத்தகத்தை எடுத்தாள்.

"உக்காருடா. விட்ட எடத்துலேர்ந்து படிக்கிறேன்."

"வேணாங்க்கா, அது செத்த புஸ்தகம்."

"செத்தா என்ன, முழுசா அடக்கம் பண்ணுவோம்."

வெள்ளி, சனி, ஞாயிறு என்று படித்தாள். தொண்டை கட்டியது. எழுத்தாளன் மறந்துபோய் யெர்வெலின் அம்மாவை இரண்டாம் தடவை சாகடித்தான். அவளும் இரண்டாம் தடவை சாகடித்தாள். அச்சுப்பிழையைப் பிழையாகவே உச்சரித்தாள். தயவுசெய்து ரெண்டு பக்கம் தாண்டு என்று ஓட்வார் கெஞ்சிப் பார்த்தான். தாண்டவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கடைசி அத்தியாயம். அதில் யெர்வெல் ஒரு படு ஆபாசமான வசவு வைகிறான். இத்தனை வருஷமும் வசவு வந்தால், "இங்க ஒரு கெட்ட வார்த்தை" என்று சொல்லிவிட்டு மேலே போகிறவள் அவள். இன்றைக்கு நின்றாள். முகம் சிவந்தது. பிறகு அந்த வார்த்தையை, ஈஸ்டர் திங்களும் அதுவுமாக, முழுசாக வாய்விட்டுப் படித்தாள்.

ஓட்வார் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

"போதும்க்கா, நம்புறேன்," என்றான். "அந்தக் கடுதாசியை எடு. மே மாசம் எத்தனாந் தேதின்னு போட்டிருந்தான்?"

அவள் கடிதத்தை விரித்து, ஆஸ்பத்திரி முகவரியிலிருந்து ஆரம்பித்தாள்.