சுண்ணாம்புக் கடலில் ஒரு கதிரை

சுண்ணாம்பால் கீறிய கடல் அது. எழுபதுகளின் பிற்பகுதியில், எங்கள் தீவிலே, கரம்பொன் மாதா கோயில் வளவுத் தரையிலே சித்திர வாத்தியார் உலகப் படத்தைக் கீறிவிட்டார். ஊரை விட்டுப் போனவர்களின் கதிரைகளை வீட்டார் கொண்டுவந்து, போனவர் இருக்கும் நாட்டில் வைக்கவேண்டும். அத்தனை வெறும் கதிரைகளையும் ஒன்றாகப் பார்த்தால் தீவு எப்படி வெறுமையாகிறது என்று விளங்குமாம். பட்டணத்திலிருந்தும் ஆட்கள் பார்க்க வரவிருந்தார்கள்.

லண்டன் கெதியில் நிரம்பிவிட்டது. "கொஞ்சம் தள்ளி வையுங்கோவன், என்ரை பெடியனுக்கு மூச்சு முட்டப் போகுது" என்று பக்கத்து வீட்டு அக்கா சண்டை பிடித்தார்.

கப்பலில் வேலைக்குப் போன என் அண்ணையிடமிருந்தோ மாதக்கணக்காகக் கடிதமில்லை. அவரை எங்கே என்று வைப்பது? போகவேண்டாம் என்று அவருடைய மனைவியை, என் மச்சாளை, விடிந்ததிலிருந்து மறித்தேன். அவர் கேட்கவில்லை. அண்ணை சாப்பிட இருக்கும் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தப் படத்தில் பாதி விளங்கவில்லை. இப்போது நான் இருக்கும் நாடு அன்று எந்தக் கோட்டுக்குள் கிடந்ததென்று இன்றும் சொல்லத் தெரியாது.

"எந்த நாடு?" என்றார் வாத்தியார்.

"தெரியாது மாஸ்டர்" என்றார் மச்சாள்.

"தெரியாட்டிக் கடலிலை வையுங்கோவன்."

வாத்தியார் கடற்றொழில் செய்யும் குடும்பத்தவர் அல்லர். தான் சொன்னது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. கடலில் நிற்பவனுக்கு வீட்டில் சோறு மூடி வைக்கும் சனம் நாங்கள். அவனுடைய வெறும் கதிரையைக் கடலில் வைப்பதென்றால் அதற்கு ஒரே பொருள்தான். இரண்டொரு பெண்கள் சிலுவை அடையாளம் போட்டார்கள்.

மச்சாள் கதிரையைக் கொண்டுபோய்க் கடலின் நடுவில் வைத்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு அதிலேயே இருந்துவிட்டார்.

"இருக்கப்படாது. கதிரை வெறுமையாய்க் கிடந்தாத்தான் கருத்து விளங்கும்" என்றார் வாத்தியார்.

"கருத்து உங்களோடை இருக்கட்டும் மாஸ்டர். இதை ஆளில்லாமல் கடலிலை விட என்னாலை ஏலாது."

பக்கத்து வீட்டு அக்கா போய் லண்டனில் தன் பெடியனின் கதிரையில் இருந்தார். பிறகு மற்றவர்களும் இருந்தார்கள். பட்டணத்து ஆட்கள் வந்தபோது வெறும் கதிரை ஒன்றுகூட இல்லை. உலகம் முழுக்க எங்கள் பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சாள் பொழுதுபடும்வரை எழும்பவில்லை. சுண்ணாம்புக் கோட்டை மிதித்துவிடுவேனோ என்று பயந்து பயந்து நான்தான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணை அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார். முதலாளிமாரின் பிணக்கால் கப்பலை எந்தத் துறைமுகத்துக்குள்ளும் விடவில்லையாம். மாதக்கணக்காக வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நின்றதாம்.

"எந்த நாட்டுக்குக் கிட்ட எண்டு எங்களுக்கே தெரியாது" என்றார்.

மச்சாள் அவருக்குச் சோற்றைப் போட்டபடி சொன்னார்: "அப்ப நான் சரியான இடத்திலைதான் இருந்தனான்."